யாரும் சொல்லாத ‘தாங்கும்’

என் அண்ணன் என்னிடம் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இறந்துபோன என் கணவர் ஒரு வார்த்தை சொன்னார் என்று விசாரணை அதிகாரி முன்னால் நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் என் மகள் தப்பித்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் மாட்டிக்கொள்வாள்.

அந்த வார்த்தை ‘தாங்கும்’. எங்கள் அலுவலகத்து முன்கூடத்தில் அதை என்னைவிட உயரமான எஃகு எழுத்துகளில் நிறுத்தி, கீழே விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிற வாடிக்கையாளர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை கடைசி எழுத்தின் புள்ளி கழன்று, வரவேற்பில் இருந்த பெண்ணின் மேசைமேல் விழுந்தது. நல்லவேளை, அவள் சாப்பிடப் போயிருந்தாள். தாங்கும் என்ற சொல்லால் தன் புள்ளியைத் தாங்க முடியவில்லை என்று நான் சொன்னபோது அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பசை போட்டவனைப் பிடித்து அரை மணி நேரம் திட்டினான்.

விமானப் பொறியியல் அலுவலகம் என்றதும் நாங்கள் விமானம் செய்கிறோம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஓர் ஆணிகூடச் செய்வதில்லை. இருக்கை, கதவுக் கீல், சமையல் அலமாரி, ஏதாவது ஒன்றைத் தரையிலோ சுவரிலோ பிடித்து நிறுத்தும் பிராக்கெட், இவற்றின் வரைபடம் எங்களிடம் வரும். விமானம் குலுங்கினால், தடாலென்று தரையில் இறங்கினால், அந்தப் பாகம் நிற்குமா பிய்ந்துகொண்டு போகுமா என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். பாகத்தின் பலத்தை அதன்மேல் வரும் சுமையால் வகுத்தால் ஒன்றுக்கு மேல் வர வேண்டும். குறைந்தால் செத்தோம். இதற்குத்தான் இத்தனை மாடி, இத்தனை கண்ணாடி.

தொடங்கும்போது ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை. அண்ணன், அவனோடு படித்தவரும் பின்னால் எனக்குக் கணவர் ஆனவருமான ஒருவர், நான். கீழே தையல் மெஷின்கள் ஓடும்போது எங்கள் மேசை நடுங்கும். “அதிர்வுச் சோதனை இலவசம்” என்பான் அண்ணன். அறையின் நடுவில் ஒரு திரை தொங்கும். தையல்காரர் மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கும். அதுதான் எங்கள் தொழிலின் உயிர்.

திரை வைத்தது என் கணவர். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும்போது, முதல் ஆளின் தாளைப் பார்க்கவே கூடாது என்பது அவர் சட்டம். வரைபடமும் சுமையும் மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் முதலிலிருந்து போட வேண்டும். முடிந்ததும் திரையை விலக்கி இரண்டு பேரும் விடையை உரக்கப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போய், ஒன்றுக்கு மேலும் இருந்தால், சரிபார்த்தவர் வாய்விட்டு “தாங்கும்” என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முணுமுணுத்தால் செல்லாது.

“எதுக்குய்யா கல்யாணத்துல சம்மதம் கேக்குற மாதிரி?” என்று அண்ணன் கேட்டான்.

“மச்சான், அடுத்தவன் விடையைப் பார்த்துட்டுப் போட்டா நம்ம கணக்கும் அந்தப் பக்கமே சாயும். நாமளே சாய்ப்போம், நமக்கே தெரியாது. வாயால சொல்லும்போதுதான் வயித்துல பயம் வரும். அந்தப் பயம் வேணும்.”

அதிலிருந்து அவருக்கு வெள்ளைத்தாள் என்றே பெயராகிவிட்டது. நான் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்து “தாங்காது” என்று அவர் சொன்ன நாட்களில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு நாள் பேசமாட்டேன். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். வீட்டில் புத்தக அலமாரியைச் சுவரில் மாட்டியபோது, புத்தகத்தை வைப்பதற்கு முன்னால் அவரே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். எங்கள் மகள் குட்டி அப்போது சின்னவள். அலமாரியில் அப்பா கால் ஆட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்து அவளுக்குக் கொண்டாட்டம். அன்றிலிருந்து எதைக் கண்டாலும் “அப்பா, இது தாங்குமா?” என்று கேட்பாள். பொம்மை வண்டி, ஊஞ்சல், மழையில் நனைந்த குடை. எதற்கும் அவர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். தொட்டுப் பார்த்து, அழுத்திப் பார்த்து, பிறகுதான்.

அலுவலகம் வளர்ந்தது. முதலில் பக்கத்து அறை, பிறகு அந்த மாடி முழுவதும். பிறகு தையல்காரரே கடையைக் காலி செய்துவிட்டுப் போக, கீழ்த்தளமும் எங்களுக்கு வந்தது. மேசை நடுங்குவது நின்றுவிட்டது. ஆள் எடுத்தோம். எடுத்த ஆட்கள் ஆள் எடுத்தார்கள். ஒருநாள் காலையில் மாடிப்படியில் எனக்கு வணக்கம் சொன்ன பையனை எனக்கு யாரென்றே தெரியவில்லை. அவனுக்கும் நான் யாரென்று தெரிந்திருக்காது. கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துத்தான் சொன்னான்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கிற ஆளா? அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. வேலை மலைபோல் வந்து குவிந்தது. இல்லை என்று சொன்னால் அடுத்த தெருக்காரன் வாங்கிக்கொள்வான். புதுக் கட்டடம் கட்டினான். அதில் சுவர்களே இல்லை, எங்கும் கண்ணாடி. திரை மாட்ட ஓர் ஆணி அடிக்க முடியாது.

‘தாங்கும்’ கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை இப்படித்தான் நடந்தது. வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, ஆள் பெருத்ததும் ரப்பர் முத்திரையாகச் செய்தார்கள். அலுவலகத்தின் பத்தாவது பிறந்தநாளுக்கு அண்ணன் வேடிக்கையாகச் செய்துகொண்டு வந்தது. மறுநாளே அது வேடிக்கையாக இல்லை, வழக்கமாகிவிட்டது. பிறகு கணினி வந்தது, முத்திரை பச்சை நிறப் பொத்தானாக மாறியது. அழுத்தினால் பாகத்தின் பக்கத்தில் ‘தாங்கும்’ என்று விழும், அதற்கு அடியில் அழுத்தியவர் பெயர். பிறகு அந்தப் பொத்தானையும் அடிக்கடி அழுத்த வேண்டியிருக்கிறது என்று இளைஞர்கள் குறைப்பட்டார்கள். வரைபடத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் பழைய ‘தாங்கும்’ போய்விடும், முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அது நியாயமான குறைதான். அதற்காக ஒரு சின்னக் கட்டம் வைத்தார்கள். ‘சிறு மாற்றம்’ என்று அதில் ஒரு தட்டுத் தட்டினால் பழைய ‘தாங்கும்’, பழைய பெயரோடு புதுத் தாளுக்கும் தொற்றிக்கொண்டு வரும். பாகத்தின் வடிவம் மாறினால் பெரிய மாற்றம். எழுத்து மட்டும் மாறினால் சிறு மாற்றம். இப்படி ஒரு விதி.

அதை முடிவு செய்த கூட்டத்தில் என் கணவர் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசுவதே அபூர்வம்.

“தாங்கும்ங்கறது ஒரு ஆள் சொல்ற வார்த்தை. அது தானா நடந்து அடுத்த தாளுக்குப் போகாது.”

“மாப்ள, இருநூறு பேருக்கு நான் எங்கய்யா திரை கட்டுவேன்?” என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “நான் சரியா பேசலையோ?” என்று கேட்டார். “நீங்க நல்லாதான் பேசுனீங்க. கேட்டவங்கதான் சரியில்ல” என்றேன். எனக்கு அன்று ஆத்திரம் தாங்கவில்லை. ஆனால் என்ன செய்ய, தொழில் அண்ணனுடையது.

குட்டி படித்து முடித்து அதே அலுவலகத்தில் சேர்ந்தாள். அப்பாவிடமே வேலை கற்றாள். அடுத்த ஆண்டே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஆம்புலன்ஸ் விமானம் வைத்திருக்கும் கம்பெனிக்காரரும் ஒருவர். நோயாளிகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும் சின்ன விமானங்கள். அதில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுவரில் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டுக்குக் கடைசியாக ‘தாங்கும்’ போட்டது என் கணவர்தான். திரை இல்லாவிட்டாலும் அவர் வெள்ளைத்தாளில்தான் போட்டார், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து. அந்த மனிதர் என்னிடம் கைகூப்பிவிட்டு, அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது.

“இந்த நேரத்துல சொல்லக் கூடாது. இருந்தாலும்... தூரப் பயணத்துக்கு ஒரு சிலிண்டர் பத்தலைங்க. அதே பிராக்கெட்ல ரெண்டா மாட்டிக்கிட்டா தேவல.”

“அனுப்புங்க, பார்த்துடலாம்” என்றான் அண்ணன்.

என் கணவரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் சிலிண்டரும் மண்டையில் ஏறவில்லை, காபியும் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தத் தாள் வந்தது. பிராக்கெட்டின் வடிவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஓரத்துக் குறிப்பில் ‘சிலிண்டர்: 1’ என்று இருந்தது ‘சிலிண்டர்: 2’ ஆகியிருந்தது. வடிவம் மாறவில்லை, எழுத்துத்தான் மாறியிருக்கிறது. விதிப்படி சிறு மாற்றம். அன்று வரிசையில் காத்திருந்த தாள்களோடு தாளாக அதையும் ஒருவர் தட்டி அனுப்பினார். என் கணவர் இறந்து சில மாதங்கள் கழித்து, இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து அவர் ‘தாங்கும்’ சொன்னதாகத் தாளில் விழுந்தது.

மறு ஆண்டு மழைக்காலத்தில் ஒரு விமானம் ஓடுபாதையில் தடாலென்று இறங்கியது. சக்கரம் தாங்கியது. இறக்கை தாங்கியது. விமானியும் படுத்திருந்த நோயாளியும் கீறல் இல்லாமல் பிழைத்தார்கள். பிராக்கெட் பிய்ந்து, இரண்டு சிலிண்டரும் முன்னால் பாய்ந்து, நோயாளிக்கு முன்பக்கம் உட்கார்ந்திருந்த நர்ஸின் முதுகில் விழுந்தன. அவள் அங்கேயே இறந்துவிட்டாள்.

அண்ணன் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். திரைச்சீலை மாதிரி ஒன்று இருந்தது, பொத்தானை அழுத்தினால் இறங்குவது. அதை இறக்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்துத் திரை வந்துவிட்டது.

“பாப்பா, நான் சொல்றதைக் கோவப்படாம கேளு.” ஐம்பது வயதிலும் நான் அவனுக்குப் பாப்பாதான். “விசாரணைல உன்னைக் கூப்பிடுவாங்க. தாள்ல மாப்ள பேர் இருக்கு. ரெண்டு சிலிண்டர் விஷயம் அவர் இருக்கும்போதே வாய்வார்த்தையா வந்துச்சு, அவர் போட்டுப் பார்த்துத்தான் சொன்னார்னு நீ சொல்லிடு. கம்பெனிக்காரரும் அப்படியே சொல்றேன்னுட்டார்.”

“அவர் சொல்லல.”

“தெரியும்.”

“அவர் படத்துக்கு முன்னாடி உக்காந்து நீங்க ரெண்டு பேரும் பேசுனது. நான் கேட்டேன்.”

“தெரியும் பாப்பா. செத்தவருக்கு யார் என்ன தண்டனை குடுத்துட முடியும்? உசுரோட இருக்குறவங்களைப் பாரு.” அவன் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தான், மறுபடி எடுத்தான். “அன்னைக்கு அந்தத் தாளைச் சிறு மாற்றம்னு தட்டினது யாருன்னு கேட்டியா?”

நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தேவையும் இல்லாமல் போயிற்று.

“நம்ம குட்டி” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை; அவளைத் தோளில் தூக்கிப்போட்டு வளர்த்தவன் அவன். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. சிறு மாற்றக் கட்டத்தை வைத்தது யார், வரிசையை அந்தப் பிள்ளை தலையில் குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி ஏற்றியது யார் என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் கேட்காது, வாய் அசைவது மட்டும் தெரியும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “எல்லாம் என் தப்புதான். ஆனா அந்தக் கட்டத்துல என் பேர் கேக்காது பாப்பா. தட்டினவங்க பேரைத்தான் கேக்கும். மாப்ள முன்னாடியே சொன்னதா இருந்தா, அவ தட்டினது வெறும் எழுத்துத் திருத்தம்தான்.”

வீட்டுக்குப் போனேன். குட்டி சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் வைத்தேன், இன்னொன்றை எனக்கு எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து போட்டாள். பெரிய கணக்கு இல்லை. அவள் அப்பா அதைவிடக் கடினமான கணக்குகளை அவளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் முடித்துவிட்டு விடையைப் படித்தோம். ஒன்றுபோலவே இருந்தது, ஒன்றுக்கு வெகு கீழே.

“தாங்காது” என்று அவள் சொன்னாள். வாய்விட்டுத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு உடைந்து அழுதாள்.

“ஏண்டி, திறந்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?”

“திறக்கத்தான் போனேம்மா. அடியில அப்பா பேர் இருந்துச்சு. அப்பா போயி அப்பதான் கொஞ்ச நாள் ஆச்சு. அந்தப் பேரைப் பார்த்ததும் உள்ள திறந்து அவர் கணக்கைப் பார்க்க என்னால முடியல. அப்பா சொன்னா சரியாத்தானே இருக்கும்னு தட்டிட்டேன்.”

எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. யாராவது ஒரு முட்டாள் சோம்பலில் தட்டியிருந்தால் மனசார சபித்திருப்பேன். இவள் அப்பாமேல் இருந்த பாசத்தில் தட்டியிருக்கிறாள். எந்தக் கணக்குக்குள் இதை வைப்பது? என் கணவர் இருந்தால் என்ன செய்வார் என்றும் யோசித்தேன். மகளுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பார். யோசிக்கவே மாட்டார். அதேசமயம், போடாத கணக்குக்குத் ‘தாங்கும்’ சொன்னார் என்று ஒரு பேச்சு வந்தால் செத்தும் அவருக்கு நிம்மதி இருக்காது. இரண்டும் அவர்தான்.

“மாமா சொல்றபடி சொல்லப்போறியா?” என்று கேட்டாள்.

“பார்த்துக்கலாம். நீ சாப்பிடு” என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் காலையில் புடவை கட்டினேன்.

விசாரணை ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில். நடையில் நீளமாக ஒரு பெஞ்சு. குட்டி அதன் ஒரு முனையில் உட்கார்ந்தாள், அடுத்து நான். மறு முனையில் ஒருவர் சட்டைப்பையில் பேருந்து நடத்துநர் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார் போல. கொஞ்ச நேரம் என் கழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

“நீங்க அந்த ஆபீஸாம்மா?”

“ஆமா.”

“செத்தது என் வீட்டுக்காரிங்க.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டாமே. ஒருத்தர் கணக்குப் போட்டு, இது தாங்கும்னு வாயால சொல்லணுமாம். பேப்பர்ல போட்டிருந்தான். அவ உக்காந்திருந்தாளே, அதுக்குப் பின்னாடி இருந்த சாமானுக்கு அப்படி யார் சொன்னாங்கம்மா? திட்டுறதுக்கு இல்ல. பசங்க கேக்குறாங்க. யாரோ ஒருத்தர் பார்த்து, சரியாத்தான் சொன்னார், ஆனா விதின்னு சொன்னா பசங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்.”

யாரோ ஒருவர் பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அந்த மனிதரும் ஆறுதலாகப் போயிருப்பார். குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரிக்குச் சளி. கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்த்துப் படித்தார். அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அலுவலக வக்கீலோடு.

“இரண்டு சிலிண்டருக்கு ‘தாங்கும்’ என்று உறுதி சொன்னது உங்கள் கணவர்தானே?”

“இல்லைங்க” என்றேன். “ஒரு சிலிண்டருக்குச் சொன்னார். ரெண்டாவது சிலிண்டர் வந்தப்போ அவர் உசுரோட இல்ல.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அப்படியானால் சொன்னது யார்?”

“யாரும் சொல்லல. எங்க ஆபீஸ்ல இப்ப யாரும் சொல்றதே இல்லைங்க. அதுதான் தப்பு. அந்தச் சிறு மாற்றக் கட்டத்தை வச்சது தப்பு. அதை எழுதிக்குங்க.” எல்லாவற்றையும் சொன்னேன். திரை, பொத்தான், விதி, கூட்டத்தில் என் கணவர் எழுந்து நின்றது, துக்கம் கேட்க வந்த வீட்டில் நடந்த பேச்சு. அவர் பொறுமையாகக் கேட்டார். சிலவற்றை எழுதிக்கொண்டார். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வருத்தமாகத்தான் சொன்னார்.

“எல்லாம் சரிம்மா. யாரும் இல்லைன்னு அறிக்கையில எழுத முடியாதே. ஒரு பேர் வேணும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் தேவைப்படவில்லை, கணினியைக் கேட்டால் அது சொல்லிவிடும். கதவைத் திறந்து என் மகளைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைக் கடந்து உள்ளே போகும்போது என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டாள். உள்ளே போய் ஒன்றையும் மறைக்காமல் “நான்தான் தட்டினேன்” என்று சொன்னாளாம். அவள் அப்பா பெண் அல்லவா.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அறிக்கையில் அலுவலகத்துக்கு அறிவுரை, கம்பெனிக்காரருக்கு எச்சரிக்கை, என் மகளுக்குத் தொழில் தடை. வழக்கு வேறு தனியாக நடக்கிறது. பேப்பரில் அவள் படம் வந்தது, கல்லூரியில் எடுத்தது, சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊரில் எத்தனை பேர் என்னென்ன சொன்னார்கள் என்பதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நடத்துநரை ஒருமுறை பேருந்தில் பார்த்தேன். என்னிடம் சில்லறை கொடுத்துவிட்டு, “நெசத்தைச் சொன்னீங்க” என்று மட்டும் சொல்லி அடுத்த ஆளிடம் போனார்.

அலுவலகம் நன்றாகத்தான் இருக்கிறது. சிறு மாற்றக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பச்சைப் பொத்தானை அழுத்தினதும் ‘நிச்சயமாகத் தாங்குமா?’ என்று இன்னொரு கேள்வி வருகிறது. அதற்கும் ஒரு பச்சைப் பொத்தான். மேலே இன்னொரு மாடி எழும்புகிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவான். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன்.

குட்டி வீட்டில் என்னோடுதான் இருந்தாள், ஆனால் பேச்சு இல்லை. தண்ணீர் வேணுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி கட்டினாள். வேறு ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அலமாரியிலிருந்து அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அலமாரி காலியானதும் அதன் விளிம்பில் கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

“நான் செஞ்சது தப்புன்னு நினைக்கிறியா?” என்று நானே கேட்டேன்.

“இல்லம்மா. நீ சொன்னது நெசம். அதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?” பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். “ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அந்த ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி, நான் தாங்குவேனான்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தியா?”

நான் யோசித்தேன். பெஞ்சில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

“இல்ல” என்றேன்.

அவள் தலையாட்டினாள். பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருந்தது, நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“அப்பா போட்டிருப்பார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.